முழங்காலுக்கு ஊசி: அறிந்து முடிவு செய்வோம்

முதிய பெற்றோர் வாழும் இல்லங்களில் இன்று அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு: “அம்மாவின் முழங்காலுக்கு ஊசி போடலாமா?” மூட்டுத் தேய்மானத்திற்காக மூட்டினுள்ளேயே செலுத்தப்படும் ஊசிகளுள் முக்கியமானவை மூன்று. அவற்றின் பயனையும் எல்லையையும் அறிந்து முடிவு செய்தல் நலம்.

முதலாவது, ஸ்டீராய்டு ஊசி. 1951-ஆம் ஆண்டு முதலே மூட்டுகளில் செலுத்தப்பட்டு வரும் இம்மருந்து, வீக்கத்தைத் தணித்துச் சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 12 வாரங்களுக்கு ஒருமுறையென ஈராண்டுகள் இவ்வூசி பெற்றோரின் குருத்தெலும்பு, வெறும் உப்புநீர் ஊசி பெற்றோரைவிட மிகுதியாகத் தேய்ந்தது. நீரிழிவு உள்ளோருக்கு இவ்வூசியால் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை உயரக்கூடும்.

இரண்டாவது, ஹயலூரானிக் அமில ஊசி. இது மூட்டில் இயல்பாகவே உள்ள வழவழப்பான பொருள். எனினும், உப்புநீர் ஊசியைவிட இதனால் கிடைக்கும் நன்மை மிகச் சிறிதே என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

மூன்றாவது, நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் பிளாஸ்மா ஊசி. 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், ஓராண்டுக்குப் பின்னும் வலியில் இதற்கும் உப்புநீருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பின்னிரண்டும் விலை மிகுந்தவை. நகையை அடகு வைக்குமுன் நன்கு சிந்தியுங்கள்.

அப்படியாயின் வழி என்ன? 2020-இல் வெளியான ஆய்வொன்றில், ஸ்டீராய்டு ஊசி பெற்றோரைவிட, இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி பெற்றோரே ஓராண்டு முடிவில் குறைந்த வலியுடன் இருந்தனர். நாற்காலியில் அமர்ந்து, காலை நேரே நீட்டி, சில நொடிகள் நிறுத்தி, மெல்லத் தாழ்த்துதல் எளிய பயிற்சி. மிகையான உடல் எடையைக் குறைப்பதும் மூட்டின் பாரத்தைக் குறைக்கும். வலி மிகுந்து பயிற்சியே செய்ய இயலாதபோது, மருத்துவர் கருத்துப்படி ஒரு ஸ்டீராய்டு ஊசி உதவலாம். அது தரும் சில வாரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும். ஊசிக்குப் பின் காய்ச்சலோ, மூட்டில் சிவப்போ, கடும் வலியோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

திருப்பலியில் முழந்தாளிட முடியவில்லையே என மனம் வருந்தும் முதியோருக்கு ஒரு சொல்: நோயால் இயலாதோர், எழுந்தேற்றத்திற்குப் பின் குரு முழந்தாளிடும்போது தாழ்ந்து வணங்கினால் போதும் என்பதே திருச்சபையின் ஒழுங்கு.

பிள்ளைகளே, நான்காம் கட்டளை ஊசிக்குப் பணம் கொடுப்பதோடு முடிவதில்லை. நாள்தோறும் கால் மணி நேரம் அன்னையின் அருகில் அமர்ந்து அவரைப் பயிற்சி செய்யச் செய்வதும் அதனுள் அடங்கும்.