பெயர் சுரண்டிய சிப்புகள்

பழைய சிப் ஒன்றைத் தேடிப் புறப்படுகிறவனுக்கு முதலில் கிடைப்பது புத்திமதி. “அதெல்லாம் எப்பவோ போச்சு தம்பி, ஒரு ஆர்டுயினோ வாங்கி மாட்டிட்டுப் போ.” கடைக்காரர் சொல்வார், கூடப் படித்தவன் சொல்வான், பாடம் நடத்திய வாத்தியாரே சொல்வார். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியோடுதான் எனக்குச் சண்டை.

புதிதாக ஒன்றைச் செய்கிறவனுக்கு அந்தப் புத்திமதி சரி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்துக்கு? ராசிங்காபுரம் பக்கத்திலிருந்து விடியலில் ஜீப்பேறி மலைக்குப் போகிற சனங்கள் பறிக்கும் ஏலக்காய், உலர்த்தும் அறையில் 45-50 டிகிரி சூட்டில் பக்குவமாகக் காய வேண்டும். சூடு எகிறினால் பச்சை நிறம் போகும். நிறம் போனால் ஏலத்தில் விலையும் போகும். அந்தச் சூட்டைக் கணினியில் பதிய வேண்டும், பழைய எடை எந்திரத்தின் ஒன்பது முனை போர்ட்டிலிருந்து கணக்கை எடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் ஆரம்பிக்கிற புராஜெக்ட்டுகள் வந்து முட்டி நிற்கும் இடம், இடைமுகச் சிப்.

புராசஸர் கணக்குப் போடும். வெளியுலகத்தோடு பேசுவது இடைமுகச் சிப்பின் வேலை. இன்டெல் 8255க்கு 40 கால்கள். மூன்று போர்ட்டுகள், மொத்தம் 24 கம்பிகள். தொடர் தகவல் பரிமாற்றத்துக்கு 8251, விசைப்பலகைக்கும் எண் திரைக்கும் 8279. பொறியியல் கல்லூரியில் மைக்ரோபுராசஸர் படித்தவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள்: மூன்று போர்ட்டையும் வெளியீடாக்க 80ஹெச் என்பான். பரீட்சைக்கு உயிரோடு இருக்கிற சிப், ரிப்பேருக்கு மட்டும் செத்துப்போச்சாம்!

தேடினால் கிடைக்கத்தான் செய்கிறது. கழித்துப்போட்ட போர்டுகளிலிருந்து உருவிய சிப்புகள் சந்தையில் சுற்றிவருகின்றன, போலிகளும் கூடவே. மேற்பரப்பைத் தேய்த்து, கறுப்புச் சாயம் பூசி, வேறு பெயர் அச்சடித்திருப்பார்கள். அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தால் சிலவற்றின் சாயம் வெளுத்துவிடும். நாலு இலக்கத் தேதிக் குறியையும் பாருங்கள்: 8523 என்றால் 1985ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இன்டெல் பெயர் போட்ட 8255இல் 2019ஆம் வருஷத் தேதி இருந்தால் பேரம் பேசாமல் நடையைக் கட்டலாம்.

அசல் கிடைக்காவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. எந்தக் காலில் எந்த சிக்னல், எத்தனை நானோ வினாடிக்குள் பதில் வர வேண்டும் என்பதையெல்லாம் இன்டெல் அச்சடித்தே கொடுத்தது. அதை வைத்து, நாமே நிரல் எழுதிக்கொள்ளும் லாஜிக் சிப் ஒன்றில் 8255ஐ மறுபடி உருவாக்கலாம், உருவாக்கியும் இருக்கிறார்கள். 1976இல் வந்த இசட்80 புராசஸரை நிறுத்தப்போவதாக சைலாக் நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. கடைசி ஆர்டருக்கு ஜூன் 14 வரை கெடு. திறந்த மூல சிலிக்கானாக அதை மீண்டும் செய்யும் முயற்சி அந்த வருஷமே தொடங்கிவிட்டது. ஆவணம் இருந்தது, அதனால் முடிந்தது.

அப்படியானால் எந்திரங்களைக் கொல்வது எது? மறைப்புதான். நகலெடுத்துவிடுவார்கள் என்று சிப்பின் பெயரையே சுரண்டிவிட்டு விற்கிற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். சர்க்கியூட் படம் கிடையாது. உள்ளே இருக்கும் நிரலுக்குப் பூட்டு. போர்ட் வழியாக எண்கள் எந்த வரிசையில் வெளியே வரும் என்பதுகூடக் கம்பெனி ரகசியம். நாற்பது வயசு 8255ஐ மாற்றிவிடலாம். போன வருஷம் வாங்கிய போர்டைத் தொட முடியாது. காசுள்ள போட்டிக்காரன் எப்படியும் பிரித்துப் பார்த்துக்கொள்வான். பெயர் தெரியாமல் திணறுவது போடியில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கிற மெக்கானிக்தான்.

இணைப்பு முறை மாறினால் என்ன நடக்கும் என்று போடிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மீட்டர் கேஜை அகலப் பாதையாக்க 2010 முடிவில் நிறுத்திய ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்குத் திரும்பியது. மாற்றம் வேண்டியதுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷமும் பஸ் டிக்கெட் எடுத்தது நாம்.

ஒன்றிய அரசு 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டின் கடைசியில் அதற்கொரு இணையதளமும் வந்தது. வேளாண் கருவிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல விஷயம். ஆனால் சேவை மையத்தின் ஃபோன் நம்பர் கிடைப்பதற்குப் பெயர் உரிமை இல்லை. சர்க்கியூட் படம், சிப்புகளின் பெயர்ப் பட்டியல், போர்ட் பேசும் மொழி ஆகிய மூன்றையும் விற்கும்போதே கொடுக்கச் சட்டம் வேண்டும். தயாரிப்பை நிறுத்துகிற நாளில் உள்நிரலையும் திறந்துவிட வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுமில்லை. 80ஹெச்சை மனப்பாடம் செய்த பிள்ளைகள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு, ஊரில் செத்துக் கிடக்கிற ஒரு எந்திரத்தைத் திறந்து அதன் படத்தை வரைந்து பொதுவில் வைக்கட்டும். புது எந்திரம் வாங்குகிற விவசாயி, பில் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “இதோட படம் எங்கப்பா?”