காவலனே கூட்டாளியானால்?

ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, பிறந்த ஆற்றையே தேடிவந்து, முட்டையிட்டு மடிகின்ற மீன் சால்மன். கனடா நாட்டின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் பாயும் பிரேசர் ஆறு அந்த மீனுக்குத் தாய்வீடு. அங்குள்ள பூர்வகுடி மக்களுக்கோ அது உணவு மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை!

2009-ஆம் ஆண்டு, அந்தத் தாய்வீடு வெறிச்சோடியது. ஒரு கோடிக்கும் மேலான சாக்கை வகைச் சால்மன்கள் திரும்பி வரும் என்று கணித்திருந்தனர். வந்தவை ஏறத்தாழ 15 இலட்சமே! மற்றவை எங்கே? மக்கள் கேட்டனர், மன்றங்கள் அதிர்ந்தன, நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது.

ஐயத்திற்கு ஆளானவற்றுள் ஒன்று, கடலோரத்து வலைக்கூண்டுப் பண்ணை. அட்லாண்டிக் கடலுக்குரிய சால்மனைக் கொண்டுவந்து, பசிபிக் கடலிலே வலைகட்டி இலட்சக்கணக்கில் வளர்க்கின்றனர் முதலாளிகள். வலை, மீனைத் தடுக்கும். நோயைத் தடுக்குமா? கழிவைத் தடுக்குமா? கடற்பேனைத் தடுக்குமா? கூண்டிலே நெருக்கியடித்துக் கிடக்கும் மீன்களின்மீது பெருகும் பேன், ஆற்றிலிருந்து கடல்நோக்கி அவ்வழியே செல்லும் இளங்குஞ்சுகளைப் பற்றிக் கொள்கிறது. பெரிய மீனுக்கு அது தொல்லை. விரலளவுக் குஞ்சுக்கோ அது எமன்!

2012 அக்டோபரில் ஆணையம் அறிக்கை தந்தது. பண்ணைகளே கொலையாளி என்று நீதிபதி கூறிவிடவில்லை. சரிவுக்குத் தனியொரு காரணத்தைச் சுட்ட இயலாது என்றார். வெப்பமேறும் நீரையும் கணக்கில் எடுத்தார். ஆனால், 75 பரிந்துரைகளுக்கிடையே ஆட்சியாளரின் முகத்திரையைக் கிழிக்கும் ஒன்றும் இருந்தது. இயற்கை மீனைக் காக்க வேண்டிய மீன்வளத்துறையே, பண்ணைத் தொழிலை வளர்த்துவிடும் வேலையையும் பார்க்கிறது. அந்த வேலையை அதனிடமிருந்து அகற்றுக என்றார்!

நாடக மேடையிலே ஒரே நடிகன் ஒரே காட்சியில் காவலனாகவும் கள்ளனின் கூட்டாளியாகவும் தோன்றினால் அவையோர் நகைப்பர். ஆட்சி மேடையிலே அதே வேடம் கட்டினால் மட்டும் அதற்கு நிர்வாகம் என்று பெயரா?

டிஸ்கவரி தீவுகளிலுள்ள பண்ணைகளால் ஆபத்து மிகச் சொற்பமே என்று 2020 செப்டம்பர் 30-க்குள் துறை உறுதிகொள்ள இயலாவிடில், அவற்றை மூடுக என்பதும் அவர் பரிந்துரை. துறை ஒன்பது நோய்க்கிருமிகளை ஆராய்ந்தது. ஆபத்து சொற்பமே என்று கூறிற்று. கடற்பேன்? அது அந்த ஒன்பதின் பட்டியலிலேயே இல்லை! வீட்டுக் கதவுகளை எல்லாம் பூட்டிவிட்டு, கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்த கதை இது.

எனினும் நீதி நகர்ந்தது. 2023-இல் அத்தீவுகளின் 15 பண்ணைகளுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. 2024 ஜூனில், அம்மாநிலக் கடலில் திறந்த வலைக்கூண்டுச் சால்மன் பண்ணைகளுக்கு 2029 ஜூன் 30-உடன் முடிவு என்று கனடா அரசு அறிவித்தது.

"உழைப்பவன் வயிற்றில் அடிக்கலாமா?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி, நாமும் கேட்கிறோம். கிளெம்டு ஊரின் கிடாசூ பூர்வகுடியினர் பண்ணைத் தொழிலால் வாழ்வு பெற்றவர்கள். அவர்களுக்கு மாற்றுத் தொழிலும் பயிற்சியும் தருவது அரசின் கடமை. அதற்காகத்தான் ஐந்தாண்டு அவகாசம். அந்த அவகாசத்தை உறங்கிக் கழிப்பது, பண்ணையை மூடுவதைவிடப் பெரிய கொடுமை.

"கரையிலே தொட்டி கட்டி வளர்த்தால் செலவு மிகும்" என்கிறார் முதலாளி. உண்மைதான்! இன்று மட்டும் செலவு குறைவது ஏன்? கழிவைக் கடல் சுமக்கிறது. நோயின் விலையை இயற்கை மீன் கொடுக்கிறது. இலாபத்தை மட்டும் அவர் எடுத்துச் செல்கிறார். ஊரார் செலவில் உண்பவருக்கு விருந்து என்றும் மலிவுதான்!

கட்டுப்பாடு தொழிலைக் கொன்றுவிடும் என்று புலம்புவோர் நார்வேயைப் பார்க்கட்டும். பண்ணைச் சால்மனில் உலகின் முதலிடம் அந்நாட்டுக்கு. அங்கேயே 2017 முதல் கடற்கரையை 13 பகுதிகளாகப் பிரித்து, பேனால் இயற்கை மீனுக்கு விளையும் கேட்டை அளந்து, விளக்கு ஏற்றுகின்றனர். பச்சையென்றால் உற்பத்தியை 6 சதவிகிதம் உயர்த்தலாம். சிவப்பென்றால் 6 சதவிகிதம் குறைக்க வேண்டும். அதுவும் போதாது என்று வாதிடலாம். ஆனால் அளவுகோல் இல்லாமல் ஆட்சி இல்லை என்பதை யார் மறுக்க இயலும்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் பட்டறிந்தது. 2017 ஆகஸ்டில் சைப்ரஸ் தீவருகே கூண்டு சரிந்து, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அயல்மீன்கள் வெளியேறின. மறு ஆண்டே அயல்மீன் வளர்ப்புக்கு முடிவு கட்டச் சட்டம் இயற்றினர். விபத்துக்குப் பின் விழிப்பது ஒரு வகை. விபத்துக்கு முன் விழிப்பதே ஆட்சி!

மீனுக்கு வாக்குச்சீட்டு இல்லை. தூது செல்ல ஆளில்லை. அமைச்சர் வாயிலில் காத்திருக்க நேரமில்லை. முதலாளிக்கு மூன்றும் உண்டு. ஆகவேதான் அரசு, குரலற்றதன் பக்கம் நிற்க வேண்டும். 2029 ஜூன் 30 என்று எழுதிய மை உலரலாம். எழுதிய உறுதி உலரக் கூடாது!