பிஸ்கட் டின்னுக்குள் என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் முதலுதவிப் பெட்டி என்று தனியாக ஒன்று இருப்பது குறைவு. அலுமாரிக்கு மேல் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். திறந்தால் நாலைந்து பெனடோல், எப்போதோ காய்ச்சலுக்குத் தந்து மிச்சமான மாத்திரைகள், மூடி இறுகிப்போன சித்தாலேப. தலைவலிக்கும் தடிமனுக்கும் இவை போதும். இரத்தம் ஓடும்போது அந்த டின்னில் எடுக்க ஒன்றும் இராது. மருந்துப் பெட்டி வேறு, முதலுதவிப் பெட்டி வேறு என்பது என் கருத்து. வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் வரையுள்ள நேரத்துக்கானதுதான் முதலுதவிப் பெட்டி.

அந்த நேரம் நம் மலைநாட்டில் நீளமானது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா வந்து திரும்பிய பஸ் எல்ல–வெல்லவாய வீதியில் பெரும் பள்ளத்தில் விழுந்தது. 15 பேர் உயிரிழந்தார்கள். அந்த இருட்டில் இராணுவத்தினரோடும் பொலிஸாரோடும் சேர்ந்து பள்ளத்தில் இறங்கியவர்களில் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். 2021 மார்ச்சில் பசறையிலும் இப்படித்தான் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்தது. 1990 சுவசெரிய இலவசமான, அருமையான சேவை. ஆனால் அம்புலன்ஸ் நம் வளைவுகளைப் பறந்து கடக்க முடியாது. அது வரும் வரை காயத்தை அழுத்திப் பிடிப்பவர் பக்கத்தில் நிற்பவர்தான். (அழைக்கும்போது கிலோமீற்றர் கல்லின் இலக்கத்தைச் சொல்லுங்கள். "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்றால் எந்த மரம்?)

இந்தப் பெட்டி பிறந்த கதையும் மலைக்கும் ரயிலுக்கும் உரியது. 1888இல் அமெரிக்காவின் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் முதலுதவிப் பெட்டியை முதன்முதலில் விற்பனைக்குத் தயாரித்தது ரயில் பாதைத் தொழிலாளர்களுக்காக. வைத்தியர் எட்டாத இடங்களில் வேலை செய்தவர்கள் அவர்கள். ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து 1924இல் ரயில் வந்து சேர்ந்த பதுளைப் பக்கத்துக்கும் அதே கணக்குத்தான்.

அப்படியானால் டின்னில் என்ன வைப்பது? சுத்தமான துணிப்பட்டைகள், அகலமான பண்டேஜ், ஒட்டும் பிளாஸ்டர், கத்தரிக்கோல், டோர்ச், ஜீவனி பக்கெட்டுகள், கையுறைகள். ஒரு பழைய பருத்திச் சோலையும் மடித்து வையுங்கள். முக்கோணமாக மடித்தால் ஒடிந்த கையைத் தூக்கிக் கட்டலாம். நம் தலையில் இருப்பதைக் கழற்றவும் வேண்டியதில்லை.

என்ன வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். வெட்டுக் காயத்துக்குக் கோப்பித்தூள் அப்புவது நம் குசினிகளில் இன்னும் போகவில்லை. சுடுநீர் கொட்டினால் பற்பசையைத் தேடி ஓடுகிறோம். பற்பசை சூட்டை உள்ளே அடைத்துவைக்கும். குழாய் நீரில் இருபது நிமிடம் பிடிப்பதே வைத்தியம், அதற்குச் சல்லிக் காசும் தேவையில்லை. உம்மும்மாமாருடன் இதில் வாதாடுவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

தேயிலைத் தோட்டங்களில் அட்டைக் கடி அன்றாடம். அதைவிடப் பயப்பட வேண்டியது குளவி. கொழுந்து எடுக்கும் மலையில் கூடு கலைந்தால் ஒருவருக்கே பல கொட்டுகள் விழும். வீங்கும் முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். உதடு, முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், சுண்ணாம்பு தடவிக்கொண்டு காத்திருக்க நேரமில்லை, உடனே வைத்தியசாலை.

என் வாப்பா வேன் ஓட்டுபவர். முன் இருக்கைக்குக் கீழே அவருடைய பெட்டி. அதில் ஷொப்பிங் பேக்குகளே அதிகம். நம் வளைவுகளில் வாந்தி எடுக்காத பயணி யார்? "பெட்டி பின்னால் சாமான்களுக்கடியில் இருந்தால் இல்லாததற்குச் சமம் மகள்" என்பார். சுற்றுலா போகும் பாடசாலைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். மூன்று பஸ் போனால் பெட்டி முதல் பஸ்ஸில் ஆசிரியையிடம் மட்டும் இருக்கிறது.

கூட்டத்தில் சொல்லத் தயங்கும் ஒரு விடயம் உண்டு. வீதியில் அந்நிய ஆண் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் நாம் தொடலாமா? பெண் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பதுதான் ஒழுக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். அகழ்ப் போரில் காயப்பட்ட சஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களைப் பராமரித்தது மதீனாப் பள்ளியில் கூடாரம் அமைத்திருந்த ருபைதா (ரழி) என்ற பெண்மணிதான். உயிர் போகும் நேரத்தில் ஒதுங்கி நிற்பதை ஒழுக்கமாக நான் ஏற்கவில்லை. கிருமிக்காகப் பெட்டியில் வைக்கும் கையுறை இந்தத் தயக்கத்துக்கும் உதவும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து வீதிகள் அடைபட்டன. சீனி, பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு வாரத்துக்கான மாத்திரையும் கிளினிக் கொப்பியும் பொலித்தீனில் சுற்றி, எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.

நோன்புக்கு முன் வீட்டை ஒதுக்கும் நாட்களில் டின்னையும் இறக்கித் திகதி பாருங்கள். கத்தரிக்கோலை மட்டும் நூலால் டின்னோடு கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நாளே அது பால்மா பக்கெட் வெட்டப் போய்விடும்.