மணி என்ன ஆச்சு?

விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ சென்னையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால் நம் கையில் இருக்கும் பட்டியல் ஒன்றுதான். மெரினா, எழும்பூர் மியூசியம், செயின்ட் ஜார்ஜ் கோட்டை, நேரம் இருந்தால் கலங்கரை விளக்கம். இந்தப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்பது என் கட்சி. ஒரு காலத்தில் இந்தியா முழுக்க ரயில்களுக்கு நேரம் சொன்ன ஊர் அது. அந்தக் கதையைச் சொல்லும் இடம் பட்டியலில் இல்லவே இல்லை.

கதை துறைமுகத்தில் தொடங்குகிறது. நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட சரியான நேரம் வேண்டும். அதனால்தான் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. அங்கே நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்கிட்டதுதான் 'மெட்ராஸ் நேரம்'. கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால். இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடித்து அதை ஊருக்கும் சொன்னார்கள்.

பிறகு ரயில் வந்தது. பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் இடையே சுமார் 1 மணி நேர வித்தியாசம். எதை வைத்து ரயில் ஓட்டுவது? இரண்டுக்கும் நடுவில் இருந்த மெட்ராஸ் நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் வரும்வரை அதற்குத்தான் மவுசு.

இதில் நமக்கென்ன? நம் விழுப்புரம் ஒரு ஜங்ஷன். புதுச்சேரிக்கு இங்கிருந்து ரயில் பாதை போட்டது 1879-ல். அதாவது மெட்ராஸ் நேரம் கொடிகட்டிப் பறந்த காலத்தில். விழுப்புரத்தின் சொந்த சூரிய நேரம் சென்னையை விட சுமார் 3 நிமிடம் பின்னால். இன்றைய இந்திய நேரத்தை விட சுமார் 12 நிமிடம் பின்னால். திண்டிவனத்துக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ரயில் வந்ததும் நம் ஊர் தன் நேரத்தை விட்டுக்கொடுத்து அடுத்த ஊர் நேரத்துக்கு மாறியது. பாடப் புத்தகத்தில் இது இருந்திருந்தால் தீர்க்கரேகைப் பாடத்தில் நான் தூங்கியிருக்க மாட்டேன்!

அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று, தமிழ் உட்பட சில மொழிகளில் எழுத்துப் பொறிக்கப்பட்டு, இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் நிற்கிறது. அது அலுவலகம். டிக்கெட் எடுத்துப் பார்க்கும் இடம் அல்ல. வெளியூரிலிருந்து வரும் மாணவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"கையில் செல்போன் இருக்கும்போது மணிக்கூண்டு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் செல்போன் நேரம் என் சட்டைப் பைக்குள் இருப்பது. மணிக்கூண்டு நேரம் பூக்காரம்மாவுக்கும், ஆட்டோக்காரருக்கும், சார்ஜ் தீர்ந்து போன எனக்கும் பொது. ஊர் எல்லோருக்கும் சேர்த்துச் செய்கிற ஒரு சின்ன மரியாதை அது. போன வருடம் ஒரு ஊர் (பெயர் வேண்டாம்) மணிக்கூண்டை நம்பி டீ குடித்துக்கொண்டிருந்து பஸ்ஸை விட்டேன். அதற்குப் புதுப் பெயின்ட் அடித்து, கலர் விளக்கும் போட்டிருந்தார்கள். முள் மட்டும் நகரவில்லை. பாரம்பரியத்தை நாம் இப்படித்தான் பல இடங்களில் காப்பாற்றுகிறோம்.

சென்னையிலேயே ரிப்பன் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1913-ல் திறந்த கட்டடம். கோபுரத்துக் கடிகாரம் இங்கிலாந்தின் கில்லட் அண்ட் ஜான்ஸ்டன் கம்பெனி செய்தது. அந்தக் கோபுரத்துக்கு அழகே கடிகாரம்தான். அதை எடுத்துவிட்டு அந்த முகப்பை நினைத்துப் பாருங்கள்.

எனவே நான் கேட்பது மூன்றுதான். எந்த ஊராக இருந்தாலும் பெயின்ட் அடிக்கும் முன் கடிகாரத்தை ஓட வையுங்கள். நுங்கம்பாக்கம் தூணைப் பார்க்க மாணவர்களுக்கு மாதத்தில் ஒரு நாளாவது அனுமதி கொடுங்கள். விழுப்புரம் ஜங்ஷனில் "இந்த ஊரின் சூரிய நேரம் உங்கள் கடிகாரத்தை விட 12 நிமிடம் பின்னால்" என்று ஒரு பலகை வையுங்கள். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாலு பேர் அதைப் படித்துவிட்டு வானத்தைப் பார்த்தால் போதும்.