இளஞ்சாவும் நூறாண்டு மௌனமும்

கவிஞன் இளமையில் இறப்பது தெய்வ அருள் என்று உருகுவோர் இன்றும் உளர். எஸ்தோனியக் கவிஞன் கிறிஸ்தியான் யாக் பீற்றர்சன் 1801 இல் பிறந்து, 1822 இல், தன் 21 ஆவது வயதிற் காசநோயால் மாண்டான். அச்சாவைக் காவியமாக்கிக் கண்ணீர் வடிப்போருடன் நாம் உடன்படவில்லை. 'கடவுளைப் பாடியவன்தானே, அவனால் நமக்கு ஆவதென்ன?' என்று அவனை ஒதுக்கும் முற்போக்கு நண்பர்களுடனும் உடன்படவில்லை. அவன் எத்தகைய சமுதாயத்திலே நின்று பாடினான் என்பதை இரு சாராருமே பார்க்க மறுக்கின்றனர்.

அவன் பிறந்த ரீகா நகர் இன்று லற்வியாவின் தலைநகர். அன்றோ ருஷ்யப் பேரரசின் துறைமுகம். அரசு சார் மன்னனுடையது. நிலமும் திருச்சபையும் கல்வியும் ஜேர்மன் மொழி பேசிய மேற்குலத்தார் கையில் இருந்தன. எஸ்தோனியன் என்றாலே குடியானவன் என்பது பொருள். லிவோனியாவிற் பண்ணையடிமை முறை 1819 இல் சட்டப்படி ஒழிந்தது. நிலமோ பிரபுக்களிடமே தங்கிவிட்டது. விலங்கு கழன்ற காலுக்கு ஊன்றி நிற்க ஒரு துண்டு மண் இல்லை. அதே ஆண்டில், தேவாலய மணியடிக்கும் ஊழியரின் மகனான பீற்றர்சன் தார்த்துப் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயிலப் புகுந்தான். மறு ஆண்டே பட்டம் பெறாது ரீகாவுக்கு மீண்டு, தனிப்பாடம் கற்பித்துப் பிழைத்தான்.

கடவுளைப் பாடினான், மெய்தான். ஆனால் எந்த மொழியிற் பாடினான்? எஸ்தோனிய மொழியில் முழு விவிலியமும் 1739 இலேயே அச்சேறியிருந்தது. எனவே கோயிலுக்கு அம்மொழி புதிதன்று. ஆயினும் அங்கே அது பிரசங்க பீடத்திலிருந்து கீழ்நோக்கியே இறங்கியது: பணிந்திரு, உழைத்திரு, பொறுத்திரு! உயர்ந்த சிந்தனைக்கு ஜேர்மன். ஏவலுக்கும் உபதேசத்துக்கும் எஸ்தோனியம். மக்கள் பேச்சை 'இழிசனர் வழக்கு' என்று 1960களில் எள்ளிய நம் நாட்டுப் பண்டிதரை அறிந்தவர்களுக்கு இந்த மனப்பான்மை புதிதாக இராது.

பீற்றர்சன் அந்தத் திசையைத் திருப்பினான். குடியானவன் மொழியை மேல்நோக்கி எழச் செய்தான். 'சந்திரன்' என்ற கவிதையிலே, தன் நாட்டு மொழிக்கும் நித்தியத்தை நாடும் உரிமை உண்டென்று வாதாடினான். ஏவலைக் கேட்க மட்டுமே விதிக்கப்பட்ட மொழி, இடைத்தரகர் எவருமின்றி இறைவனோடு நேருக்கு நேர் பேசத் துணிந்தது. இது பக்தி மட்டுமா? பிரபுத்துவத்தின் மொழி ஏகபோகத்தின் மீது விழுந்த அடியல்லவா?

அந்த அடியின் ஓசையை அன்று கேட்டவர் மிகச் சிலரே. பின்லாந்தியப் புராணவியல் பற்றிய கனாந்தரின் நூலை அவன் ஜேர்மனில் ஆக்கினான். அது 1821 இல் அச்சேறியது. தாய்மொழிக் கவிதைகளோ கையெழுத்துப் பிரதிகளாகவே கிடந்தன. எஸ்தோனியா 1918 இல் சுதந்திரம் பெற்ற பின்னர், அவன் மறைந்து நூறாண்டு நிறைந்த 1922 இலேதான் அவை நூலாகத் தொகுக்கப்பட்டன. அவன் உடலைக் கொன்றது நோய். அவன் குரலை ஒரு நூற்றாண்டு அடைத்து வைத்ததும் நோய்தானா? அதற்கும் விதியைப் பழிசொல்வீர்களா?

அவன் பிறந்த மார்ச் 14 ஐ எஸ்தோனியர் 1996 முதல் தாய்மொழி நாளாகக் கொண்டாடுகின்றனர். தகும். ஆனால் மாண்டவனுக்கு மாலை சூட்டுவது எளிது. வறியவன் வீட்டுப் பிள்ளை கற்று முடிக்கவும், அவன் எழுதியது அவன் கண்முன்னே அச்சேறவும் வழிசெய்வதே அரிது. ஆசிரியரே, மாணவரே! ஒரு கவிஞன் யாரைப் பாடினான் என்று மட்டும் கேட்டு அமையாதீர்கள். எவருடைய மொழியில், எந்த ஆதிக்கத்தின் எதிரே நின்று பாடினான் என்றும் கேளுங்கள். அவ்வாறு கேட்பின், இந்த மணியடிப்பவர் மகன் நம் அணியிலே நிற்பவன் என்பது புலப்படும்.