சுவருக்கு வைத்த சிமெண்டும் நான் பட்ட பாடும்

சென்ற இதழில் மழைக்காலத்துக்கு முன்னால் மொட்டை மாடியைக் கவனிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரி ஒருவர், "மாடி இருக்கட்டும். எங்கள் பழைய வீட்டில் செங்கல்லுக்கு நடுவே இருக்கிற காரை மணல் மணலாகக் கொட்டுகிறதே, சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அடைக்காதீர்கள்! இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஏனென்றால் நான் அடைத்தேன்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் எங்கள் வீடு. என் மாமனாரின் தாத்தா கட்டியது. சுவர் ஒன்றரை அடி கனம். சின்னச் சின்ன மெல்லிய செங்கல், நடுவே சுண்ணாம்புக் காரை. அந்தக் காலத்தில் சிமெண்ட் என்ற பேச்சே இல்லை. இந்தியாவில் முதலில் சிமெண்ட் செய்து பார்த்தது 1904-ல். அதுவும் நம் சென்னையில், கடல் கிளிஞ்சலைக் கொண்டு. அது நிலைக்கவில்லை. பிறகு 1914-ல் போர்பந்தரில் ஆரம்பித்த தொழிற்சாலைதான் நிலைத்து நடந்தது. ஆகவே உங்கள் வீடு அதற்கு முந்தியது என்றால், உள்ளே இருப்பது சுண்ணாம்புதான் என்று தைரியமாகச் சொல்லலாம். பிந்திய வீடுகளிலும் பல காலம் சுண்ணாம்பையே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாக, மாவு மாதிரி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக இருந்து, ஆணி வழுக்கிக்கொண்டு போனால் சிமெண்ட்.

2019-ல் அத்தி வரதர் எழுந்தருளினாரே, நினைவிருக்கிறதா? ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஊரே திமிலோகப்பட்டது. சேலத்திலிருந்து என் பிறந்த வீட்டார், பெங்களூரிலிருந்து நாத்தனார் குடும்பம் என்று எல்லோரும் எங்கள் வீட்டில்தான் தங்குவதாக ஏற்பாடு. தறி இருக்கிற கூடத்துச் சுவரைப் பார்த்தேன். செங்கல்லுக்கு நடுவே விரல் நுழைகிற அளவுக்குக் காரை உள்வாங்கிக் கிடந்தது. எறும்பு ஒரு பக்கம், பல்லி ஒரு பக்கம். தெருப்பக்கம் அதைவிட மோசம். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

என் மாமியார், "1979-ல் வரதர் வந்தபோது சுண்ணாம்பு அடிச்சோம், அவ்வளவுதான். இப்போ மட்டும் என்னம்மா புதுசா?" என்றார். கிழவி பேச்சு என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கொத்தனாரைப் பிடித்தேன். நாலே நாளில் எல்லாச் சந்திலும் சிமெண்ட் கலவையை அழுத்தி, கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். பார்க்க அத்தனை லட்சணம்! வந்த உறவினர்கள் எல்லாம் மெச்சினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்த வருஷ மழைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் செங்கல் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைப்பத்தால் தட்டிவிட்டேன். 2021 நவம்பர் மழையில் பாலாற்றில் வெள்ளம் புரண்டு ஓடியதே, அதற்குப் பிறகுதான் வினை தெரிந்தது. செங்கல்லின் முகமே வடை ஓடு மாதிரி பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. சிமெண்ட் கோடு மட்டும் அப்படியே நின்றது. நடுவில் செங்கல் குழிந்து, சுவர் தேன்கூடு போல ஆகிவிட்டது. அப்போது தறியில் ஒரு முகூர்த்தப் புடவைக்காகச் சந்தன நிறப் பாவு பூட்டியிருந்தது. அதன் மேல் ஈரச் செங்கல் தூள் விழுந்து நாலு முழத்துக்குக் கறை. கூலியில் பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கூடத்தில் படுக்கிற மாமியாருக்கோ இரவெல்லாம் இழுப்பு. ஓதம் ஏறிய சுவரில் பூஞ்சணம் பூத்தால் இழுப்புக்காரர்களுக்கு ஆகாது, படுக்கையை முதலில் மாற்றுங்கள் என்றார் டாக்டர்.

கோயில் வேலை பார்த்துப் பழகிய ஒரு வயதான மேஸ்திரியைத் தேடிப் பிடித்தோம். சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, இது சுவாசிக்கிற சுவரு. மூக்கைப் பொத்திட்டீங்களே" என்றார்.

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய சுவருக்கு அடியில் ஈரம் தடுக்க ஒன்றும் கிடையாது. தரை ஈரம் மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரையில் நுண்ணிய துளைகள் ஏராளம். ஏறிய ஈரம் அந்தச் சந்துகள் வழியாகவே காற்றில் உலர்ந்து போய்விடும். ஈரம் கொண்டுவரும் உப்பும் காரையில்தான் தங்கும். அதனால்தான் காரை உதிர்கிறது. உதிர்வது அதன் வேலை! முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒரு தரம் புதிதாக வைத்தால் செங்கல் பிழைத்துக்கொள்ளும். சந்தைச் சிமெண்டால் அடைத்தாலோ ஈரத்துக்கு வேறு வழி இல்லை, செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னால் படிகமாகி, முகத்தை நெட்டித் தள்ளிவிடும். தவிர, வெயிலில் சுவர் கொஞ்சம் விரிந்து, குளிரில் சுருங்கும். சுண்ணாம்பு அதற்கு வளைந்து கொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது. மெத்தென்ற பழைய செங்கல்தான் நசுங்க வேண்டும்.

"செங்கல்லும் காரையும் புருஷன் பெண்சாதி மாதிரிம்மா. ரெண்டில் ஒண்ணு விட்டுக்கொடுக்கணும்" என்றார் மேஸ்திரி. எது புருஷன், எது பெண்சாதி என்று நான் கேட்கவில்லை!

எனக்கு நம் வீட்டு உதாரணமே போதும். நைந்த பட்டுப் புடவையை நைலான் நூலால் தைத்தால் நூல் அறுமா, புடவை கிழியுமா?

அவர் உடனே கலவையைக் கையில் எடுக்கவில்லை. முதலில் வீட்டைச் சுற்றி நடந்தார். ரோடு போடப் போட உயர்ந்து, எங்கள் திண்ணைக்குச் சமமாக வந்திருந்தது. மழைத் தண்ணீர் சுவரோரமே தேங்கியது. மாடியின் தூம்புக் குழாய் உடைந்து சுவரிலேயே வழிந்துகொண்டிருந்தது. சுவரோரம் ஒரு சின்னக் கால்வாய் வெட்டி, குழாயை மாற்றின பிறகுதான் மற்ற வேலை. தண்ணீர் வருகிற வழியை அடைக்காமல் சந்தை அடைத்துப் பிரயோஜனம் இல்லை.

பிறகு பழைய சிமெண்டைக் குறுகிய உளியும் சின்னச் சுத்தியலும் கொண்டு கையாலேயே பெயர்த்தார். மெஷின் வைத்து அறுத்தால் ஒரு நாளில் முடியும். ஆனால் செங்கல்லின் ஓரத்தையும் சேர்த்து அறுத்துவிடும். எங்கே உளி பட்டால் செங்கல்லும் கூட வருகிறதோ அங்கே தொடாமல் விட்டுவிட்டார். உதிர்ந்த காரையைச் சந்தின் அகலத்தைப் போல் இரண்டு பங்கு ஆழத்துக்கு, கிட்டத்தட்ட ஓர் அங்குலம், சுரண்டி எடுக்க வேண்டும். ஒரே நாளில் சுவர் முழுக்கச் சுரண்டிவிடக் கூடாது. கொஞ்சம் சுரண்டி, கொஞ்சம் அடைத்து என்று நகர வேண்டும்.

சுண்ணாம்பு விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை வேண்டும். சுட்ட கல் சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். தண்ணீரில்தான் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. குழந்தைகளைக் கிட்டவே விடாதீர்கள். கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். கண்ணில் பட்டால் கசக்காமல், நிறையத் தண்ணீர் விட்டு விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்களுக்கு மேஸ்திரியே பின்கட்டில் தொட்டி வைத்து நீற்றினார். தண்ணீருக்கு அடியில் ஒரு மாதம் ஊறி, வெண்ணெய் மாதிரி ஆனது.

கலவைக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. தரையிலிருந்து இரண்டடி வரை ஈரம் அதிகம் என்பதால், அங்கே மட்டும் மணலில் ஒரு பங்கைக் குறைத்து, பழைய செங்கல்லை இடித்துச் சலித்த தூளைச் சேர்த்தார். ஈரத்திலும் இறுகுவதற்கு அது உதவும். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊற வைத்த தண்ணீரைத் தெளித்துக் கலவையை மசித்தார். இது நம் பக்கத்துப் பழைய வழக்கம். முட்டை வெள்ளைக் கரு வேண்டாமா என்று பக்கத்து வீட்டம்மாள் கேட்டார். அதெல்லாம் செட்டிநாட்டு வீடுகளில் சுவரைப் பளபளவென்று மெருகேற்றுகிற பூச்சுக்கு. சந்துக்குத் தேவையில்லை. முட்டையைக் குழந்தைக்குக் கொடுங்கள்.

"போயும் போயும் சுண்ணாம்பா?" என்று யாராவது முகம் சுளித்தால், நம் ஊர்ப் பல்லவ ராஜா மகேந்திரவர்மனைச் சொல்லுங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் குகையில் பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அதற்கு முன் கோயில்களே இவற்றால்தான் எழுந்தன என்றுதானே அர்த்தம்? ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் 1509-ல் கிருஷ்ணதேவராயர் எடுத்தது. அடியில்தான் கல். மேல் நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும்.

கூடத்தின் உள்சுவரை நானும் என் மகளும் செய்தோம். கொல்லுக் கரண்டியெல்லாம் பெண்களுக்கு வராது என்று யார் சொன்னது? ஜாங்கிரி பிழிகிற கைக்கு இது பெரிய வித்தை இல்லை. சந்தைத் தூசி போகத் துடைத்து, முதல் நாள் இரவே தண்ணீர் தெளித்து, மறுநாள் லேசான ஈரம் இருக்கும்போது கலவையை அழுத்த வேண்டும். கலவை தளர்வாக இருக்கக் கூடாது. கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும். ஆழமான இடத்தில் இரண்டு மூன்று தடவையாக வைத்துக் கெட்டிக்க வேண்டும். செங்கல் முகத்துக்கு ஒரு நூல் உள்ளே தள்ளியே நிறுத்த வேண்டும். செங்கல் மேல் வழிய வழியப் பூசினால் ஓரம் பெயரும், தண்ணீரும் தங்கும்.

வேலை முடிந்ததும்தான் பொறுமை வேண்டும். சிமெண்ட் போல ராத்திரிக்குள் இறுகாது சுண்ணாம்பு. காற்றிலிருக்கிற கரியமில வாயுவை இழுத்துத்தான் மெள்ள மெள்ளக் கல்லாகும். பத்து நாளுக்குக் குறையாமல், காலையும் மாலையும் தண்ணீர் தூவி, வெயில் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டோம். ஆகவே சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் இந்த வேலை வேண்டாம். தை, மாசி உத்தமம். எங்களுக்கு 2022 தையில் நடந்தது. பத்து நாள் தறி நிற்க, பாவை வேட்டியால் மூடி வைத்திருந்தோம். அந்தப் பத்து நாள் வருமானம் போனதுதான் பெரிய செலவு.

மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். அதுவும் மூக்கைப் பொத்துகிற சமாசாரம்தான். சுண்ணாம்பு வெள்ளையே போதும். இன்னொன்று: விரிசல் செங்கல்லையே பிளந்துகொண்டு போனாலோ, சுவர் வயிறு தள்ளி நின்றாலோ, நீங்களாகக் கை வைக்க வேண்டாம். இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு சுவரில் கை வைத்துப் பார்த்தேன். கீழே கொஞ்சம் ஈரம், பத்து நாளில் காய்ந்துவிட்டது. பாவின் மேல் தூள் இல்லை. மாமியார் பழையபடி கூடத்திலேயே படுக்கிறார். கொல்லைச் சுவரில் மட்டும் அந்த 2019 சிமெண்ட் ஐந்தடி நீளத்துக்கு இன்னும் இருக்கிறது. உளி வைத்தால் செங்கல்லும் வருகிறது என்று மேஸ்திரி விட்டுவிட்ட இடம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அங்கே ஒரு முறம் செங்கல் தூள் கூட்டி அள்ளுகிறேன்.