செத்ததா? சாகடிக்கப்பட்டதா?

'லாப்பிட்டா'! உலகத் தொல்பொருள் அறிஞர் அனைவரும் அறிந்த சொல் இது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், பாய்மரத் தோணியேறிப் பசிபிக் மாகடலைக் கடந்து, தீவு தீவாகக் குடியேறிய ஒரு பெருங்குடியின் நாகரிகத்துக்கே அதுதான் பெயர். ஆராய்ச்சி ஏடுகளில் அச்சொல் உண்டு. கண்காட்சிச் சாலைகளில் உண்டு. பல்கலைக் கழகங்களின் பாடத்திலே உண்டு.

எங்கே பிறந்தது அச்சொல்? 1952இல், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட நியூ காலடோனியாவின் மேற்குக் கரையில், கோனே வட்டாரத்தில், அமெரிக்க ஆராய்ச்சியாளர் மண்ணை அகழ்ந்தனர். அவ்வூர் மக்களின் ஹாவேகே மொழியில் 'குழி தோண்டுதல்' என்ற பொருளில் வழங்கும் ஒரு சொல் வந்தவர் காதில் பிழையாக விழுந்தது. அதையே இடத்தின் பெயரென்று எழுதிக்கொண்டனர். பிழையாகக் கேட்ட சொல் உலகை வலம் வந்தது. சொல்லைத் தந்த மொழியோ, சில நூறு மக்களின் நாவிலே ஊசலாடிக்கொண்டிருக்கிறது!

கனாக் மக்கள் அத்தீவுகளின் மண்ணின் மைந்தர். அவர்தம் மொழிகள் இருபத்தெட்டு எனக் கணக்கிடுகின்றனர் மொழிநூலார், கிளைமொழிகள் வேறு. கோனே, வோ வட்டாரத்தில் மட்டும் பூவாத்தூ, ஹாஎகே, ஹாவேகே, ஹ்ம்வாவேகே, வாமாலே என உடன்பிறப்புகள்போல் ஒட்டி வளர்ந்த பேச்சுகள் உண்டு. ஆயிரம் பேர் பேசுவது அவற்றுள் ஒன்றுகூட இல்லை. அதே வோ பகுதியில் வழங்கிய வாம்வாங் என்னும் மொழி இன்று பேசுவாரின்றி மறைந்தே போயிற்று.

"மறைந்தது" என்கிறோம். எத்தனை மென்மையான சொல்! பழுத்த இலை உதிர்ந்தாற்போல், மாலைக் கதிரவன் சாய்ந்தாற்போல்! "சிறிய மொழிகள் சாவது இயற்கை, காலத்தின் கட்டளை" என்று தத்துவம் பேசுவோரும் உளர். நாம் கேட்கிறோம்: உடலிலே வெட்டுக்காயம் இருக்க, "மூப்பினால் மாண்டான்" என்று எழுதுகிற மருத்துவனை என்னவென்பது?

காயங்களைக் காட்டுவோம்.

1853இல் அத்தீவைப் பிரான்சு கைப்பற்றிற்று. பத்தே ஆண்டுகளில், 1863இல், ஆளுநர் கியேன் ஆணையிட்டார்: பள்ளிகளில் பிரெஞ்சு மட்டுமே; மண்ணின் மொழிகளுக்கு இடமில்லை. 1864 முதல் கைதிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினர். நல்ல நிலமெல்லாம் வந்தேறிகளின் மாட்டுப் பண்ணையாயிற்று; கனாக் மக்களின் சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்குத் தோட்டங்களை மாடுகள் மிதித்து அழித்தன. 1878இல் தலைவன் அத்தாய் தலைமையில் எழுந்தது கிளர்ச்சி. அத்தாயைக் கொன்றனர், தலையைக் கொய்து பாரிசுக்கு அனுப்பினர். அந்த மண்டையோடு தாயகம் திரும்பியது எப்போது தெரியுமா? 2014இல்! 1887 முதல் 1946 வரை 'சுதேசிகள் சட்டம்' என்னும் விலங்கு. அனுமதியின்றி ஊரெல்லையைத் தாண்டக்கூட உரிமையில்லை. பெருந்தீவின் நிலத்தில் பத்தில் ஒரு பங்களவே கனாக் மக்களுக்கென ஒதுக்கப்பட்டது.

1917இல், ஐரோப்பாவின் போருக்கு ஆள் திரட்ட வந்தவர்களை எதிர்த்துக் கோனே வட்டாரம் கொதித்தெழுந்தது. படை வந்தது, குடிசைகள் எரிந்தன. வாமாலே பேசிய மக்கள் மலைநடுவே இருந்த தம் பள்ளத்தாக்குகளை இழந்து கிழக்குக் கரைக்குச் சிதறினர். இன்று வாமாலே ஒலிப்பது அந்தக் கரையிலேதான். ஊரைப் பெயர்த்தவன் வேரையும் பெயர்த்தான். வேரைப் பெயர்த்துவிட்டு, "மரம் தானாகப் பட்டது" என்று மரண ஓலை எழுதினான்!

தோழர்களே! இங்கேதான் பகுத்தறிவாளர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஆணையிட்ட கியேன் யார்? பாதிரிகளின் கையாளா? இல்லை! பாதிரிகளை எதிர்த்தவர், சான் சிமோனின் சமதர்மக் கருத்துகளில் ஊறியவர். பள்ளிகளில் உள்ளூர் மொழியைக் கையாண்டவர்களோ, மதம் பரப்ப வந்த பாதிரிகள்! பிற்காலத்தில், 1922இல், ஆஜியே என்னும் கனாக் மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவரும் மொரீசு லேனார் என்னும் சமய ஊழியரே. வேதத்தை விற்க வந்தவன் அந்த மக்களின் மொழியைக் கற்றான். அறிவொளி பரப்புவதாகச் சொன்னவன் அந்த மொழியின் வாயை அடைத்தான். கசப்பான உண்மை. கசப்பென்பதற்காக மறைப்பது பகுத்தறிவாகாது.

வால்டேரைத் தந்த நாடு பிரான்சு. அந்த நாட்டின் புரட்சி மன்றத்தில், 1794இல், கிரெகுவார் என்பார் அறிக்கை படித்தார். வட்டாரப் பேச்சுகளை ஒழித்துக்கட்டிப் பிரெஞ்சு ஒன்றையே எங்கும் நிலைநாட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட நல்லவர்தான் அவர். உடலின் தளையை அறுக்க வந்தவரே நாவுக்குத் தளை பூட்டச் சொன்னார்! 'சமத்துவம்' என்ற சொல்லுக்கு 'ஒரே அச்சு' என்று பொருள் கொண்டதால் விளைந்த கேடு இது. எல்லோருக்கும் உணவு என்பது சமத்துவம். எல்லோருக்கும் ஒரே நாக்கு என்பது ஆதிக்கம்.

"அவை மொழிகளா? வெறும் கிளைமொழிகள்தாமே!" என்பர் சிலர். இந்த வாதத்தின் சூழ்ச்சியைப் பாருங்கள். ஐந்தையும் ஒரே மொழியின் கிளைகள் என்றால், "கிளைமொழிக்குப் பாடநூல் எதற்கு?" என்கிறார்கள். தனித்தனி மொழிகள் என்றால், "இருநூறு முந்நூறு பேருக்குப் பாடநூலா?" என்கிறார்கள். தலை விழுந்தாலும் தோல்வி. பூ விழுந்தாலும் தோல்வி! நாணயமே கள்ள நாணயம் என்றால் ஆட்டத்தில் நீதி ஏது? ஆட்சிக் கட்டிலில் ஏறிய கிளைமொழி 'மொழி' ஆகிறது. ஏறாத மொழி 'கிளைமொழி' ஆகிறது. பாரிசு வட்டாரப் பேச்சும் ஒருநாள் கிளைமொழியாக இருந்ததுதானே?

1992இல், "குடியரசின் மொழி பிரெஞ்சு" என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது பிரான்சு. அதே ஆண்டு, பள்ளி இறுதித் தேர்வில் நான்கு கனாக் மொழிகளுக்கு இடம் தரப்பட்டது: த்ரெகு, நெங்கோனே, ஆஜியே, பைசீ. வரவேற்கிறோம். ஆனால் இருபத்தெட்டில் நான்கு! கோனே வட்டாரத்து ஐந்துக்கும் பந்தியில் இலை இல்லை. பக்கத்துப் பெரிய மொழியான பைசீயின் நிழலும் அவற்றின்மேல் விழுகிறது. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் மேல் கீழ் என்றால், அதையும் நாம் கண்டித்தே தீர வேண்டும்.

இனி, நம் தோழர்களே எழுப்பும் கேள்விக்கு வருவோம். "மொழி ஒரு கருவி. மழுங்கிய கருவியை எறிந்துவிட்டுக் கூரியதை எடுப்பதுதானே அறிவு?"

ஆம், மொழி கருவிதான். அதற்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. கற்பூரம் காட்டச் சொல்லவில்லை. கருவி என்பதனாலேயே கேட்கிறோம்: மழுக்கியவன் யார்? தீட்டக் கல் தராதவன் யார்? நூறாண்டுக்கு மேலாகப் பள்ளிக்குள் நுழைய விடாமல் வைத்துவிட்டு, "இதில் கணக்கு உண்டா, அறிவியல் உண்டா?" என்பது, பட்டினி போட்டவனைப் பந்தயத்துக்கு அழைப்பது போன்றது. கணக்கு இல்லையா? கனாக் மொழிகள் பலவற்றில் இருபது என்ற எண்ணுக்குச் சொல் என்ன தெரியுமா? 'ஒரு மனிதன்'! கைவிரல் பத்து, கால்விரல் பத்து. எண்ணி முடித்தால் முழு மனிதன். தேவனிடம் கேட்டு எண்ணவில்லை அவர்கள். தம் உடலையே கணக்கேடாக்கினர். இது அறிவின் தடமா, அறியாமையின் அடையாளமா?

"சோறு போடுமா அந்த மொழி?" என்பது அடுத்த கேள்வி. வோ அருகே, கொனியாம்போ மலையின் நிக்கலை உருக்க மாபெரும் ஆலை எழுந்தது. 2013இல் உற்பத்தி தொடங்கிற்று. 2024இல் உலை அணைந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் தெருவில் நின்றனர். பிரெஞ்சு தெரியாததாலா வேலை போயிற்று? உலகச் சந்தையில் நிக்கல் விலை சரிந்தது, நட்டம் பெருகிற்று, முதலாளி கை கழுவினான். சோற்றைப் பறித்தது சந்தை. பழி மட்டும் பாட்டியின் பேச்சுக்கு!

பிரெஞ்சைத் துரத்தச் சொல்கிறோமா? இல்லை. உலகோடு உரையாட அதுவும் வேண்டும். கனாக் தலைவர் ஜான் மரி சிபாவு, 1989இல் கொலையுண்டு வீழும்வரை, தம் மக்களின் உரிமையை உலகுக்கு எடுத்துரைத்தது பிரெஞ்சிலும்தான். பிரெஞ்சு சாளரமாகட்டும், வீட்டையே இடித்துச் சாளரம் வைக்காதீர் என்கிறோம்.

வழி இல்லாமல் இல்லை. 1985இல் கனாக் விடுதலை இயக்கத்தார் ஆதிக்கப் பள்ளியைப் புறக்கணித்து மக்கள் பள்ளிகளைத் திறந்தனர். பணமில்லை, நூலில்லை, பெரும்பாலானவை மூடப்பட்டன. எனினும் கனாலா என்னும் ஊரில் அந்தப் பள்ளி சாராச்சு மொழியில் நீடித்தது. 1998ஆம் ஆண்டு நூமேயா உடன்படிக்கை, கனாக் மொழிகளும் பிரெஞ்சைப் போலவே கல்விக்கும் பண்பாட்டுக்கும் உரியவை என ஒப்புக்கொண்டது. 2007இல் கனாக் மொழிகளுக்கெனக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. ரிவியேர், எர்ஹார்ட் என்னும் அறிஞர் இருவர் பூவாத்தூவையும் கோனே வட்டாரக் கிளைமொழிகளையும் ஆய்ந்து 2006இல் நூல் வெளியிட்டனர். நன்று. ஆனால் நூலகத்தில் வாழ்வது மட்டும் வாழ்வாகாது. தொட்டிலருகே ஒலிக்க வேண்டும், தோட்டத்தில் ஒலிக்க வேண்டும், கரும்பலகையில் ஏற வேண்டும்.

கரும்பலகைமுன் நிற்பவர் நாம். ஆகவே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வீட்டுப் பேச்சை வகுப்பில் பேசிய சிறுவனை, "அப்படிப் பேசாதே" என்று நாமும் அடக்கியதுண்டு. அவன் பேச்சைத் திருத்தினோம் என்று எண்ணினோம், பேசுவதையே நிறுத்திவிட்டான். ஒரு சொல்லுக்கு ஒரு குழந்தையின் முகம் எப்படிச் சுருங்குகிறது என்பதைக் கண்டோம். கோனேயில் அந்தச் சுருக்கம் தலைமுறை தலைமுறையாக நேர்ந்தது. அடிபட்ட பிள்ளை வளர்ந்து தாயானாள். தன் பிள்ளைக்கு அடி விழக்கூடாதென்று தன் மொழியைத் தானே விழுங்கிக்கொண்டாள். அந்தத் தாய்மீது நமக்குக் கோபமில்லை. பிரம்பைக் கொடுத்தவன்மீதுதான் கோபம்.

சிறிய மொழிகளுக்கும் முதல் வகுப்பில் இடம் கொடு! சொல்லறிந்த முதியோரை ஊதியம் தந்து ஆசிரியராக்கு! கிளைமொழி என்று சொல்லிக் கிள்ளி எறியாதே! இவை இரக்கத்துக்கான விண்ணப்பங்கள் அல்ல. பறித்ததைத் திருப்பிக் கொடு என்னும் கணக்கு.

தோழர்களே! உங்கள் படிப்பகத்தில், உங்கள் மேடையில், "அழிந்துவரும் மொழிகள்" என்று எவரேனும் உருகிப் பேசினால், எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அழிந்தனவா? அழிக்கப்பட்டனவா?"

அந்தக் கேள்வி எழாதவரை, கொலைகாரன் மலர்வளையத்தோடு இழவு வீட்டு முன்வரிசையில் அமர்ந்திருப்பான்.